நீதிபதி ரஃபினுக்காக யாரும் அழ வேண்டாம்

இது நீளமான பதிவு. நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் முழுமையாக வாசித்துவிட்டு மறுப்பு எழுதினால் மகிழ்வேன்.

சில நாள்களுக்கு முன் சட்ட வரலாறு பற்றிய ஒரு கருத்தரங்கில் அமர்ந்திருந்தேன். பேசியவர் நன்கு கற்றவர், நல்லெண்ணம் உடையவரும்கூட. உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கத் தென்மாநில நீதிபதிகளைப் பற்றிச் சொல்லி வரும்போது, வட கரோலினாவின் தாமஸ் ரஃபினைச் சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் நடுவே சிக்கித் தவித்த ஒரு துயர நாயகனாகச் சித்திரித்தார். அரங்கில் பலரும் தலையசைத்தார்கள். கேள்வி நேரம் போதவில்லை. அங்கே சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன்.

அந்தத் துயர நாயகன் கதை பொய் என்பது என் வாதம். அறியாமையால் பிறந்த பொய்யாக அது எனக்குத் தோன்றவில்லை. ரஃபினே தன் கையால் எழுதத் தொடங்கி, பிறகு வந்தவர்கள் பக்தியோடு பாதுகாத்து வந்த பொய் அது.

1

முதலில் ஆளை அறிந்துகொள்வோம். தாமஸ் ரஃபின் 1787இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1805இல் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றார். குடும்பம் வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்தபின் ஆர்ச்சிபால்ட் மர்ஃபி என்னும் வழக்கறிஞரிடம் சட்டம் பயின்றார். 1809இல் ஹில்ஸ்பரோ நகரத்துச் செல்வ வணிகரான வில்லியம் கர்க்லண்டின் மகள் ஆன் கர்க்லண்டை மணந்தார். பெரிய குடும்பம், பிள்ளைகள் பத்துக்கு மேல். இருமுறை கீழ்நிலை உயர் மன்றத்தில் நீதிபதியாக இருந்தார். 1828இல் மாநில வங்கியின் தலைவரானார். 1829இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். 1833 முதல் 1852 வரை அதன் தலைமை நீதிபதி. மாநில வேளாண் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1870 ஜனவரியில் இறந்தார்.

சட்ட அறிவில் அவர் சாமானியர் அல்லர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருப்புப்பாதைக்காக நிலம் எடுப்பது பற்றிய அவருடைய 1837ஆம் ஆண்டுத் தீர்ப்பு நெடுங்காலம் மேற்கோள் காட்டப்பட்டது. ஹார்வர்டு சட்டப் பள்ளியின் ராஸ்கோ பவுண்ட் 1938இல் அமெரிக்காவின் தலைசிறந்த நீதிபதிகள் பத்துப் பேரைப் பட்டியலிட்டபோது ரஃபினையும் அதில் சேர்த்தார். தெளிவான நடை, கூர்மையான தர்க்கம், அயராத உழைப்பு எல்லாம் அவரிடம் இருந்தன. ஆகவே அவரை அறியாமையால் தவறியவர் என்று எவரும் காப்பாற்ற முடியாது. தாம் என்ன எழுதுகிறோம் என்பதை ஒவ்வொரு சொல்லிலும் அறிந்து எழுதியவர் அவர்.

2

இனி வழக்குக்கு வருவோம். வட கரோலினாவின் கிழக்கே சோவான் மாவட்டம். அதன் தலைநகர் ஈடன்டன். அங்கே எலிசபெத் ஜோன்ஸ் என்பவருக்கு உடைமையாக இருந்தவர் லிடியா என்னும் பெண். ஜான் மான் என்பவன் அவரை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்திருந்தான். அடிமைகளை இப்படி ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு விடுவது அங்கே வழக்கமான வணிகம். ஏதோ ஒரு சிறு பிழைக்காக அவன் லிடியாவைத் தண்டிக்க முற்பட்டான். அவர் தப்பி ஓடினார். நிற்கச் சொல்லிக் கத்தினான், அவர் நிற்கவில்லை. துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக் காயப்படுத்தினான்.

இதன்பின் நடந்ததைக் கவனமாகப் பாருங்கள். மான் மீது மாநில அரசு குற்றம் சாட்டியது. கீழ்மன்ற நீதிபதி ஜோசஃப் டேனியல் ஜூரர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் தந்தார்: தண்டனை கொடுமையானது, நியாயமற்றது, பிழைக்குப் பொருந்தாதது என்று நீங்கள் கருதினால், வாடகைக்கு எடுத்தவன் என்ற அளவில் மட்டுமே உரிமையுள்ள இவன் குற்றவாளிதான். ஜூரர்கள் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தார்கள். அந்தக் காலத்து ஜூரியில் கறுப்பினத்தவர் எவரும் இல்லை, பெண்கள் எவரும் இல்லை. அடிமை முறை நிலைபெற்ற ஒரு மாவட்டத்தின் வெள்ளை ஆண்கள், ஒரு கறுப்பினப் பெண்ணைச் சுட்ட வெள்ளைக்காரனைக் குற்றவாளி என்றார்கள்.

மான் மேல்முறையீடு செய்தான். உச்ச நீதிமன்றத்தில் புதிதாகப் பதவியேற்ற ரஃபின் தீர்ப்பை எழுதினார். தண்டனை நீக்கப்பட்டது. அடிமையை வாடகைக்கு எடுத்தவன் அக்காலத்துக்கு உடைமையாளனின் இடத்தில் நிற்கிறான். உடைமையாளன் தன் அடிமையை அடித்துக் காயப்படுத்தினால், உயிர் போகாதவரை, அது குற்றமாகாது. அரசு எதிர் மான் என்று அமெரிக்கச் சட்ட மாணவர்கள் அறிந்திருக்கும் தீர்ப்பு இதுதான்.

அடிமை முறை பற்றி எழுதப்பட்டவற்றில் மிக ஒளிவுமறைவற்றது இது என்பார்கள்; உண்மைதான். தந்தை பிள்ளையை அடிப்பதோடும் ஆசான் மாணவனை அடிப்பதோடும் இதை ஒப்பிடக் கூடாது என்கிறார் ரஃபின். அங்கே நோக்கம் பிள்ளையின் நன்மை. அவனைச் சுதந்திர மனிதனாக வளர்த்தெடுப்பது. இங்கே நோக்கம் எசமானரின் இலாபமும் பாதுகாப்பும். அடிமை தனக்கென்று எதையும் உடைமையாக்கிக்கொள்ள முடியாமல், பிறர் பலன் நுகரத் தான் உழைக்க வேண்டியவர். அப்படிப்பட்டவரிடமிருந்து கீழ்ப்படிதலைப் பெற அவர் உடல்மீது கட்டற்ற அதிகாரம் ஒன்றே வழி. எசமானரின் அதிகாரம் முழுமையாக இருந்தால்தான் அடிமையின் பணிவு முழுமை பெறும். எசமானருக்கு மேல் முறையிட ஓர் இடம் இருக்கிறது என்ற எண்ணமே அடிமைக்குத் தோன்றக் கூடாது.

இவற்றுக்கு நடுவே அந்தப் புகழ்பெற்ற பெருமூச்சும் வருகிறது. இத்தகைய வழக்குகள் நீதிமன்றத்துக்கு வருவதே வருந்தத்தக்கது என்கிறார். நீதிபதியின் நெஞ்சில் மனிதனுடைய உணர்ச்சிக்கும் நடுவனுடைய கடமைக்கும் போராட்டம் நிகழ்கிறது என்கிறார். அறநெறி என்ற அளவில், தனிமையில் எண்ணிப் பார்க்கும் எவரும் இந்தக் கொள்கையை ஒதுக்கவே செய்வர் என்றுகூட ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் நடப்பு நிலையில் இது இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று முடிக்கிறார்.

இந்தச் சில வரிகளைக் கொண்டுதான் இருநூறு ஆண்டுகளாக ஒரு துயர நாடகத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

3

முதல் சாக்கு: சட்டம் அவர் கையைக் கட்டிப்போட்டது.

எந்தச் சட்டம்? அடிமையை அடிப்பது எசமானருக்கு உரிமை என்று சொல்லும் சட்டமன்றச் சட்டம் எதையும் ரஃபின் காட்டவில்லை. கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பு எதையும் காட்டவில்லை. அருகில் இருந்த முன்தீர்ப்போ வேறு திசையில் சென்றது. 1823இல் இதே நீதிமன்றம், அப்போதைய தலைமை நீதிபதி டெய்லரின் எழுத்தில், அடிமையை அயலான் ஒருவன் தாக்கினால் அது குற்றம் என்று முடிவு செய்திருந்தது. சட்டமன்றமும் 1817இல் அடிமையைக் கொல்வதைச் சுதந்திர மனிதனைக் கொல்வதற்கு ஒப்பான குற்றமாக வரையறுத்திருந்தது. சட்டம் நகர்ந்துகொண்டிருந்த திசை தெளிவாகவே தெரிந்தது. மான் உடைமையாளன்கூட அல்லன், வாடகைக்காரன். 1823ஆம் ஆண்டுத் தீர்ப்பை அவன்மேல் பொருத்தித் தண்டனையை நிலைநிறுத்துவது எளிதான வழி. உடைமையாளரின் அதிகாரம் பற்றி ஒரு சொல்லும் எழுதாமலேயே வழக்கை முடித்திருக்கலாம். கீழ்மன்றத்தில் டேனியல் செய்தது அதைத்தான்.

ரஃபின் அந்த எளிய வழியைத் தாண்டிச் சென்று, கேட்கப்படாத கேள்விக்கும் விடை எழுதினார். வாடகைக்காரனை உடைமையாளனாக்கினார். உடைமையாளனின் அதிகாரத்தை எல்லையற்றதாக்கினார். இதைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரின் செயல் என்று எப்படிச் சொல்வது? சட்டம் இல்லாத இடத்தில் சட்டம் இயற்றியவரின் செயல் இது.

இதற்கு அவர் காட்டிய சான்று என்ன? சமூகத்தின் நிலைபெற்ற வழக்கம். எசமானர்கள்மீது இத்தகைய வழக்குகள் தொடுக்கப்பட்டதில்லை; ஆகவே எசமானருக்கு எவ்வளவு அதிகாரம் தேவை என்று சமூகம் கருதுகிறது என்பது அதிலிருந்தே விளங்கும் என்கிறார். அடிமைகளுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்கிறார்: எசமானரின் சொந்த நலன், அவருடைய இரக்கம், கொடுமை செய்பவரைக் கண்டு அக்கம்பக்கத்தார் காட்டும் வெறுப்பு ஆகியவை போதும்.

ஆனால் அவர் மேசைமேல் கிடந்த வழக்குக் கட்டு என்ன சொல்லிற்று? சோவான் மாவட்டத்துச் சமூகம் தன் வழக்கத்தையும் தன் வெறுப்பையும் முறைப்படி, உறுதிமொழி எடுத்துக்கொண்டு, ஜூரர்களின் வாயால் சொல்லியிருந்தது. சமூகத்தின் வெறுப்பே அடிமைக்குக் காவல் என்று எழுதிய அதே கையால் அந்த வெறுப்பை ரஃபின் அழித்தார். இதைவிடப் பெரிய முரண்பாட்டை அவருடைய தீர்ப்புகளில் நான் கண்டதில்லை. அவரைத் தர்க்கத்தின் திலகமாகப் போற்றுவோர் இதற்கு விடை சொல்லட்டும்.

4

இரண்டாம் சாக்கு: அவர் உண்மையாகவே வேதனைப்பட்டார்.

ஒருவருடைய நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க என்னால் இயலாது. அவருடைய கணக்குப் புத்தகத்தையும் கடிதக் கட்டையும் பார்க்க இயலும். சட்ட வரலாற்றாளர் எரிக் முல்லர் 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதைத்தான் செய்தது.

1821இல் ரஃபின், பெஞ்சமின் சேம்பர்ஸ் என்பவருடன் ஒரு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். வணிகப் பொருள் மனிதர்கள். வட கரோலினாவில் அடிமைகளை வாங்கித் தெற்கே பருத்திப் பிரதேசங்களில் கூடுதல் விலைக்கு விற்பது தொழில். ஊர் ஊராக அலைந்தவர் சேம்பர்ஸ். முதல் போட்டவர் ரஃபின். அடிமை வைத்திருந்த கனவான்களே அடிமைத் தரகர்களை இழிவாகப் பேசிய காலம் அது. அந்தக் கனவான்களில் ஒருவர், வீட்டில் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பித்துக்கொண்டே, பிறர் பிள்ளைகளை விற்கும் தொழிலில் பணம் போட்டிருந்தார்.

1824இல் இன்னொரு கடிதம் வருகிறது. எழுதியவர் ஆர்ச்சிபால்ட் மர்ஃபி, ரஃபினுக்குச் சட்டம் கற்பித்த அதே ஆசான். ஹா ஆற்றங்கரையில் மர்ஃபிக்குச் சொந்தமாயிருந்த பண்ணை, அவர் கடனில் மூழ்கியபோது ரஃபின் கைக்கு வந்திருந்தது. அங்கே ரஃபினின் கங்காணி அடிமைகளை நடத்தும் விதம் காட்டுமிராண்டித்தனமானது என்று மர்ஃபி தம் பழைய மாணவருக்கு எழுதி எச்சரித்தார்.

ஆகவே 1829இல் லிடியாவின் வழக்குக்கட்டைத் திறந்த நீதிபதிக்குக் கட்டற்ற அதிகாரம் என்றால் என்ன என்பது ஏட்டுச் செய்தி அன்று. அவருடைய சொந்தப் பண்ணையில் அது என்ன செய்கிறது என்று ஐந்தாண்டுகளுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்கப்பட்டிருந்தார். அந்த அதிகாரத்துக்கு நீதிமன்றம் எல்லை வகுத்தால் அந்த எல்லை அவருடைய கங்காணிக்கும் பொருந்தும். அந்தத் தீர்ப்பால் பயனடைந்தவர்களில் அவரும் ஒருவர். வாடகைச் சந்தையைக் காக்கும் தீர்ப்பும் அதுவே: வாங்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் முழு அதிகாரமும் சேர்ந்தே கைமாறும் என்ற உறுதியை அது அந்தச் சந்தைக்குத் தந்தது.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பெருமூச்சை என்னவென்று கொள்வது? வேதனை ஒருவேளை மெய்யாகவே இருந்திருக்கலாம். அதனால் லிடியாவுக்கு விளைந்தது ஒன்றுமில்லை. ரஃபினுக்கு விளைந்தது நிறைய. அந்தப் பெருமூச்சு இல்லாவிட்டால் அது பண்ணையார் ஒருவரின் தன்னலத் தீர்ப்பாக மட்டும் நினைவுகூரப்பட்டிருக்கும். பெருமூச்சு சேர்ந்ததால் கருத்தரங்குகளில் தலையசைப்புக் கிடைக்கிறது.

5

மூன்றாம் சாக்கு: அவர் அந்தக் காலத்து மனிதர்.

இதைச் சொல்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: அந்தக் காலத்தில் வேறு மனிதர்களே இல்லையா?

மானைக் குற்றவாளி என்ற ஜூரர்கள் எந்தக் காலத்தவர்கள்? அறிவுறுத்தல் தந்த டேனியல் எந்தக் காலத்தவர்? அவர் சில ஆண்டுகளிலேயே அதே உச்ச நீதிமன்றத்தில் ரஃபினுக்கு அருகில் அமர்ந்தவர். இன்னொரு சக நீதிபதி வில்லியம் காஸ்டன். அவரும் அடிமை வைத்திருந்தவர்தான், புனிதர் அல்லர். ஆனால் 1832இல் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற நின்ற இளைஞர்கள் முன் அடிமை முறையை மாநிலத்தின் கேடு என்று வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். 1834இல் வில் என்னும் அடிமை, தன்னைச் சுட்ட கங்காணியைத் தற்காப்பில் கொன்ற வழக்கில், அது கொலை அன்று, அதற்குக் குறைந்த குற்றமே என்று தீர்ப்பு எழுதினார். 1838இல், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் இந்த மாநிலத்தின் குடிமக்களே என்று எழுதினார். அதே மாநிலம், அதே நீதிமன்றம், அதே ஆண்டுகள்.

ரஃபின் இந்தக் காற்றில் மாறினாரா? 1849ஆம் ஆண்டு சீசர் வழக்கைப் பாருங்கள். குடிபோதையில் இருந்த வெள்ளையர்கள் தன் தோழனை அடித்துத் துன்புறுத்துவதைப் பொறுக்காமல் சீசர் என்னும் அடிமை வேலிக்கட்டையால் திருப்பி அடித்தார்; ஒருவன் இறந்தான். மற்ற இரு நீதிபதிகளும் குற்றத்தின் தரத்தைக் குறைத்து அவரைத் தூக்குமேடையிலிருந்து காத்தார்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் தலைமை நீதிபதி ரஃபின். இம்முறை அவருடைய கையை எந்தச் சட்டம் கட்டியது? அருகில் அமர்ந்திருந்த இருவருக்கும் இல்லாத கட்டு அவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இங்கே ரஃபினின் ஆதரவாளர்கள் 1839ஆம் ஆண்டு ஹூவர் வழக்கை எடுத்து வைப்பார்கள். நேர்மையாக அதையும் சொல்ல வேண்டும். மீரா என்னும் அடிமைப் பெண்ணை மாதக்கணக்கில் சித்திரவதை செய்து கொன்ற எசமானனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை ரஃபின் உறுதி செய்தார். அந்தத் தீர்ப்பில் அவருடைய அருவருப்பு உண்மையானது. ஆனால் அந்த வழக்கு மான் தீர்ப்பை மறுக்கவில்லை. அதன் எல்லைக்கோட்டையே காட்டுகிறது. மீரா இறந்தபின் சட்டம் எழுந்து வந்தது. அவர் உயிரோடு துடித்த மாதங்களில், ரஃபின் வகுத்த விதிப்படி, முறையிட அவருக்கு ஓர் இடம் இல்லை. அடித்தவனைத் தடுக்கவும் ஒரு நீதிமன்றம் இல்லை. ஹூவரைத் தூக்கிலிட்ட பெருமையை ரஃபினுக்குத் தருபவர்கள் அந்த மாதங்களையும் அவர் கணக்கில் எழுத வேண்டும்.

அந்தக் காலத்து மனிதர்கள் பட்டியலை இன்னும் நீட்டலாம். வட கரோலினாவின் வில்மிங்டனில் பிறந்த கறுப்பினத்தவரான டேவிட் வாக்கர், அடிமை முறைக்கு எதிரான தம் அறைகூவலை பாஸ்டனில் அச்சிட்டது 1829இல், லிடியாவின் வழக்கு நடந்த அதே ஆண்டில். அந்த நூல் தெற்கே பரவிய அச்சத்தில்தான் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை வட கரோலினா சட்டமன்றம் குற்றமாக்கியது. லிடியா சுடப்பட்ட நாள்களில் ஈடன்டன் நகரில் அடிமையாக வாழ்ந்த ஓர் இளம்பெண்ணின் பெயர் ஹாரியட் ஜேக்கப்ஸ். எசமானனின் இச்சைக்குத் தப்பி, பாட்டியின் வீட்டுக் கூரைக்கடியில் நிமிர்ந்து நிற்கவும் இயலாத இடுக்கில் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒளிந்து வாழ்ந்து, வடக்கே தப்பிச் சென்று, 1861இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதியவர் அவர். எசமானருக்கு மேல் முறையிட இடமில்லை என்ற சட்டத்தின் பொருள் என்னவென்று அறிய விரும்புவோர் ரஃபினின் தீர்ப்புக்கு அடுத்து அந்த நூலை வாசிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக லிடியா இருக்கிறார். அவரும் அந்தக் காலத்தவர்தான். நில் என்று கத்தியபோது அவர் நிற்கவில்லை. தன்மேல் செலுத்தப்படும் அதிகாரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அவருடைய கால்கள் அறிந்திருந்தன. காலத்தின் கருத்து என்று நாம் பேசும்போது அவருடைய கருத்தை மட்டும் ஏன் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை? தாமஸ் ரஃபினைக் காலத்தின் குழந்தை என்று சொல்பவர், லிடியாவை அந்தக் காலத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் அதைச் சொல்ல முடிகிறது.

6

ரஃபினைப் பற்றிய பாராட்டுரைகளில் தவறாமல் வருவது அவருடைய இல்லறம். அன்பான கணவர், கண்டிப்பும் பாசமும் உள்ள தந்தை, பேரப்பிள்ளைகள் சூழ்ந்த முதுமை. இவற்றை நான் மறுக்கவில்லை. அந்தக் குடும்பம் எதன்மேல் நின்றது என்பதைப் பார்ப்போம்.

மகள் ஆன் 1832இல் பால் கேமரனை மணந்தார். நீதிபதி டங்கன் கேமரனின் மகனான இவர், 1860 வாக்கில் ஏறத்தாழ 30,000 ஏக்கர் நிலமும் 900 அடிமைகளும் கொண்டு வட கரோலினாவின் பெருஞ்செல்வர்களில் முதல்வரிசையில் இருந்தார். மகன் இளைய தாமஸ் ரஃபின் போருக்குப் பின் தந்தை அமர்ந்த அதே நீதிமன்றத்தில் நீதிபதியானார். மகள் கேத்தரின் ரூலாக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். நிலம், நீதிமன்றம், வங்கி, பல்கலைக்கழகம் எல்லாம் சில வீடுகளின் திருமண உறவுகளுக்குள்ளேயே சுற்றிவந்தன. அடிமைச் சட்டம் எழுதியவரையும் அதன் பலன் நுகர்ந்தவரையும் ஒரே விருந்து மேசையில் காணலாம்.

இனி 1836ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. சாமுவேல் என்னும் அடிமைமீது கொலைக் குற்றம். அவருடைய மனைவியை அரசு சாட்சிக் கூண்டில் ஏற்றியது. கணவனுக்கு எதிராக மனைவி சாட்சி சொல்லலாகாது என்பது அக்காலச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. சாமுவேலின் தரப்பு அதை எடுத்துரைத்தது. தலைமை நீதிபதி ரஃபின் ஏற்கவில்லை. அடிமைகளுக்குள் சட்டப்படியான திருமணம் என்று ஒன்று இல்லை; ஆகவே அவர் மனைவி அல்லர்; சாட்சி செல்லும்.

ஆன் கர்க்லண்டோடு இருபத்தாறு ஆண்டுகள் இல்லறம் நடத்தியிருந்த மனிதர் எழுதிய வரிகள் இவை. கணவன், மனைவி, தந்தை, மகள் என்ற சொற்களுக்குத் தம் வீட்டில் என்ன பொருள் என்று அறிந்தவர். அதே சொற்கள் தம் பண்ணைக் குடிசைகளில் சட்டத்தின் கண்ணுக்குப் பொருளற்றவை என்று தீர்ப்பளித்தவரும் அவரே. சேம்பர்ஸுடன் நடத்திய தொழில் இயங்க இந்தப் பொருளின்மை தேவைப்பட்டது. திருமணம் செல்லுமென்றால் கணவனைத் தனியாகவும் மனைவியைத் தனியாகவும் விற்பது எளிதாயிருக்காது. அவருடைய குடும்ப வாழ்வைத் தனியாகவும் தீர்ப்புகளைத் தனியாகவும் வைத்துப் போற்றுவோர் இந்த இரண்டையும் ஒருமுறையாவது அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

முதுமையில் அவர் செய்த ஒரு நல்ல காரியமும் உண்டு. 1869இல், கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தில் தம் மகன் ஜான் சேர்ந்திருப்பதை அறிந்து, அது தவறு, சட்டத்துக்குப் புறம்பானது, விலகிவிடு என்று கடிதம் எழுதினார். இதற்காக அவரை மதிக்கலாம். ஆனால் அந்தக் கூட்டம் தேடியது என்ன? கறுப்பினத்தவர் உடல்மீது மேல்முறையீடில்லாத அதிகாரம். 1829இல் அதற்குச் சட்டத்தின் முத்திரை இருந்தது, 1869இல் இல்லை. முத்திரை போனபின்பே தந்தைக்கு அது குற்றமாகத் தெரிந்தது. அவர் இறந்து ஆறு வாரங்களுக்குள், 1870 பிப்ரவரியில், அவருடைய பண்ணை இருந்த அதே அலமான்ஸ் மாவட்டத்தில், கறுப்பினக் காவலரான வயட் அவுட்லாவை அந்தக் கூட்டம் நீதிமன்ற வளாகத்து மரத்தில் தூக்கிலிட்டது.

7

ஒரு மனிதர் எப்படித் துயர நாயகனாக்கப்படுகிறார்? அதற்கும் ஆள்கள் உழைக்க வேண்டும். ரஃபினின் கடிதங்களை 1918 முதல் 1920 வரை நான்கு தொகுதிகளாகப் பதிப்பித்தவர் ஜே. ஜி. த ரூலாக் ஹாமில்டன். பெயரிலேயே ரூலாக் இருப்பதைக் கவனிக்கலாம். கேத்தரின் ரஃபின் வாழ்க்கைப்பட்ட அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர் அவர். போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தைக் கறுப்பினத்தவர் ஆட்சியால் விளைந்த கேடாகச் சித்திரித்த வரலாற்றுப் பள்ளியைச் சேர்ந்தவரும்கூட.

1915இல் ராலே நகரில் நீதிமன்றக் கட்டடத்தின் நுழைவாயிலில் ரஃபினுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஏன் அந்த நினைவு? 1898இல் வில்மிங்டனில் ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைக் கவிழ்த்துக் கறுப்பினத்தவரைக் கொன்றது. 1900இல் மாநில அரசமைப்பைத் திருத்திக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தார்கள். அந்த வெற்றிக்குப் பின் எழுப்பிய சிலை அது. நீதி கேட்டு வரும் கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். 2020 ஜூலையில் சிலை அகற்றப்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியின் இருக்கைக்குப் பின்னால் தொங்கிய அவருடைய பெரிய உருவப்படத்தை அகற்றும் முடிவு அதே ஆண்டின் இறுதியில் வந்தது.

வரலாற்றை அழிக்கிறார்கள் என்று அப்போது சிலர் புலம்பினார்கள். அந்தச் சிலை அங்கே நின்ற நூற்றைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் அதன்வழி லிடியாவின் பெயரை அறிந்தார்கள்? சேம்பர்ஸ் ஒப்பந்தத்தை அறிந்தார்கள்? ஆவணங்கள் காப்பகத்தில்தான் கிடந்தன. அவற்றைத் திறந்து படித்தவர்களே வரலாற்றை மீட்டார்கள். சிலை செய்துகொண்டிருந்தது மறைக்கும் வேலை.

கடைசியாக ஒன்று. ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 1853இலேயே இந்தத் தீர்ப்பை எடுத்து விவாதித்தார். 1856இல் எழுதிய நாவலில் ஒரு நீதிபதியின் வாயில் இதே தீர்ப்பை வைத்தார். எழுதியவரின் உள்ளத்தில் ஓர் உன்னதம் இருப்பதாக அவரும் நம்பினார். அடிமை முறையை எதிர்த்தவர்களுக்கு அப்படி நம்புவது பயனுடையதாயிருந்தது: இத்தகைய நல்ல மனிதரையே இப்படி எழுத வைக்கும் அமைப்பு எவ்வளவு கொடியது என்று வாதிட முடிந்தது. ஸ்டோவிடம் சேம்பர்ஸ் ஒப்பந்தம் இல்லை. மர்ஃபியின் கடிதம் இல்லை. நம்மிடம் இரண்டும் இருக்கின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஸ்டோவின் இரக்கத்தையே ஒப்பிப்பது ஆய்வாளருக்கு அழகன்று.

நீதிபதி ஒருவர் தம் தீர்ப்பில் வருத்தம் தெரிவிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. அவரை இப்படி எழுதச் சொன்ன சட்டம் எது? அதைக் காட்டினாரா? வேறு வழி திறந்திருந்ததா? தீர்ப்பால் யாருக்கு இலாபம்? அருகில் அமர்ந்தவர்கள் என்ன எழுதினார்கள்? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை கிடைத்தபின் வருத்தத்துக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்று தீர்மானிக்கலாம். ரஃபினின் வழக்கில் விடைகள் கிடைத்துவிட்டன.

நம் அனுதாபத்துக்கு அவர் தகுதியானவர்தான் என்று இன்னும் கருதும் நண்பர்கள், தீர்ப்பு முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். லிடியா என்ற பெயர் வரும் இடங்களை எண்ணிக்கொண்டு, பிறகு வாருங்கள். விவாதிப்போம்.